கேம் டிசைன் படிப்பு: சேருமுன் மாணவர்கள் செய்த கேமை ஆடிப் பாருங்கள்

கேள்வி: மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கணிதம், கணினி அறிவியல் பிரிவு. வீடியோ கேம் டிசைன்தான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். ஒரு தனியார் கல்லூரியில் இப்போதுதான் கேம் டிசைன் பட்டப்படிப்பு தொடங்கியிருக்கிறார்கள்; கட்டணம் இன்ஜினீயரிங்கைவிட அதிகம். அதில் சேர்க்கலாமா, அல்லது கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினீயரிங்கில் சேர்த்துவிட்டுப் பிறகு பார்க்கலாமா? அவள் இப்போதே என்ன தயார் செய்ய வேண்டும்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: முதலில் உங்கள் மகளிடம் ஒன்று கேளுங்கள். அவளுக்குப் பாத்திரங்களையும் காட்சிகளையும் வரையப் பிடிக்கிறதா, கோடிங் பிடிக்கிறதா, விதிகளை யோசிக்கப் பிடிக்கிறதா? கேம் கம்பெனியில் இவை மூன்றும் தனித்தனி வேலைகள்: ஆர்ட், புரோகிராமிங், டிசைன். ஆடுபவர் என்ன செய்யலாம், செய்தால் என்ன நடக்கும், எந்த இடத்தில் திணறுவார், எந்த இடத்தில் சலித்துப் போவார் என்று தீர்மானிப்பதுதான் டிசைன். பெயரில் கேம் டிசைன் என்று போட்டுவிட்டு மூன்று வருடமும் 3டி அனிமேஷனே நடத்தும் படிப்புகள் உண்டு. வரைய வேண்டும் என்பவளுக்கு அது பொருந்தலாம். விதிகளை யோசிப்பவளுக்குப் பொருந்தாது.

டிசைன் வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஒரு சாதாரணத் தாவல் போதும். பட்டனை அழுத்தினால் பாத்திரம் 3 அலகு உயரம் எழும்ப வேண்டும், உச்சியை 0.4 விநாடியில் தொட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி இயற்பியலில் படித்த சமன்பாடுதான்: இரண்டு மடங்கு உயரத்தை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஈர்ப்பு. 6-ஐ 0.16-ஆல் வகுக்க 37.5 வருகிறது. அதை 0.4-ஆல் பெருக்கினால் தொடக்க வேகம் 15. பூமியின் 9.8-ஐயே வைத்தால் அதே உயரத்தின் உச்சியைத் தொட ஏறக்குறைய 0.78 விநாடி ஆகும். பாத்திரம் பஞ்சுபோல மிதக்கும், ஆடுபவருக்குக் கட்டுப்பாடு கையில் இல்லாததுபோல இருக்கும். இதோடு முடியவில்லை. மேடையின் விளிம்பைத் தாண்டிய பின்னும் 0.1 விநாடி வரை தாவலை ஏற்றுக்கொள்ளும்படி வைக்க வேண்டும். இல்லையென்றால் “நான் அழுத்தினேன், அது தாவவே இல்லை” என்று ஆடுபவர் கோபப்படுவார். ஒரு தாவலுக்கே இத்தனை திருத்தம். இது அவளுக்கு அலுப்பாக இல்லாமல் ஆவலாக இருந்தால், அவள் சரியான துறையைத்தான் கேட்கிறாள்.

இப்போது கல்லூரி. பாடத்திட்டத்தைப் படித்து முடிவெடுக்காதீர்கள். காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். அங்கே படிக்கும் மாணவர்கள் செய்து முடித்த கேம்களைக் கேளுங்கள், மகளை உட்காரவைத்து ஆடச் சொல்லுங்கள். வீடியோ காட்டினால் போதாது, ஆட முடிய வேண்டும். ஒரு மாணவர் படிப்பு முடிவதற்குள் எத்தனை கேம் முடிக்கிறார்? வருடத்துக்கு ஒன்றாவது, அதுவும் நாலைந்து பேர் சேர்ந்த குழுவாக, இருக்க வேண்டும். கடைசி செமஸ்டரில் மட்டும் ஒரே ஒரு புராஜெக்ட் என்றால் யோசியுங்கள். குழுவில் ஒருவர் கோப்பை இன்னொருவர் அழித்துவிடாமல் வேலை பார்ப்பது, பாதியில் வசதிகளை வெட்டிக் குறைப்பது இவையெல்லாம் இரண்டு மூன்று முறை அடிபட்டால்தான் வரும். ஆசிரியர்களில் யாராவது வெளியான கேமில் வேலை செய்தவரா என்றும் கேளுங்கள். தருவது பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகரித்த பல்கலைக்கழகத்தின் பட்டமா, வெறும் டிப்ளமோவா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பிளேஸ்மென்ட் பட்டியலிலும் ஒரு கண் வேண்டும். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பட்டியலில் ரம்மி, ஃபேன்டஸி கிரிக்கெட் கம்பெனிகளே நிறைந்திருந்தால் அது பழைய கணக்கு.

நீங்கள் சொல்லும் கல்லூரியில் இப்போதுதான் படிப்பு தொடங்கியிருக்கிறது. ஆடிப் பார்க்க மாணவர் கேம் எதுவும் இருக்காது, பட்டம் முடித்த ஒரு பேட்ச்கூட இல்லை. அதிகக் கட்டணம் கட்டி முதல் பேட்ச்சில் சேர்ப்பதைவிட கம்ப்யூட்டர் சயின்ஸ் மேல் என்பதே எங்கள் கருத்து. புதிதாகப் படித்து வருபவரை நேரே டிசைனராக எடுக்கும் இடங்கள் குறைவு; கேமை ஆடிப் பிழை கண்டுபிடிக்கும் டெஸ்டராகவோ, ஆட்ட விதிகளைக் கோடாக எழுதும் கேம்பிளே புரோகிராமராகவோ உள்ளே போய் டிசைனுக்கு மாறுகிறவர்கள் பலர். அதற்கு கோடிங் கைகொடுக்கும். ஆனால் “சேர்த்துவிட்டுப் பிறகு பார்க்கலாம்” என்பது ஆபத்து. நான்கு வருடமும் கூடவே கேம் செய்துகொண்டிருந்தால்தான் அந்த வழி பலிக்கும்.

மூன்றாவது வழியும் உண்டு. ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் தேர்வு வழியாக நான்கு வருட பி.டெஸ். இது பொதுவான வடிவமைப்புப் பட்டம். கேமுக்கு மட்டுமானது அல்ல. தேர்வில் கணினியில் எழுதும் பகுதியோடு காகிதத்தில் வரையும் பகுதியும் இருப்பதால், இன்றிலிருந்தே தினம் அரை மணி நேரம் பென்சில் பிடிக்க வேண்டும். வழக்கமாக அக்டோபரில் பதிவு தொடங்கும், ஜனவரியில் தேர்வு. எந்த வழியில் பட்டம் முடித்தாலும், தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் என்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. நுழைவுத் தேர்வுக்கு அடுத்த கட்டத்தில் செய்முறைத் தேர்வும் நேர்காணலும் உண்டு. அங்கே கையில் கேம் வைத்திருப்பவருக்குப் பேச விஷயம் இருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. கம்ப்யூட்டரைத் திறக்குமுன் ஆடுபுலி ஆட்டத்தை எடுக்கட்டும். 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. ஆட்டை 12 ஆக்கி வீட்டில் பத்து ஆட்டம் ஆடி, யார் வென்றார்கள், எத்தனை நகர்வில் என்று நோட்டில் எழுதட்டும். பிறகு 15 ஆட்டோடு, புலி ஒரே முறையில் இரண்டு ஆட்டை வெட்டலாம் என்று ஒரு விதியை மட்டும் மாற்றி இன்னொரு பத்து. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் ஆட்டம் கெட்டது என்று தெரியாது. கம்பெனியில் பேலன்சிங் என்று சொல்வது இந்த வேலையைத்தான்.

அடுத்து ஒரு எஞ்சின், அதாவது கேம் உருவாக்கும் மென்பொருள். கோடோ இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். தொடங்க அது போதும். கல்லூரி வந்ததும் யூனிட்டியோ அன்ரியலோ பழகிக்கொள்ளலாம். யூனிட்டிக்கு சி ஷார்ப் வேண்டும். அன்ரியலுக்கு சி பிளஸ் பிளஸ்.

ஏறக்குறைய எல்லாரும் முதலில் சறுக்கும் இடம் அளவு. பெரிய திறந்த உலகம், முப்பது பாத்திரம் என்று தொடங்கி மூன்றாம் மாதம் கைவிடுவார்கள். ஒரே திரை, ஒரே செயல், ஐந்து நிமிட ஆட்டம் என்று வைத்து நான்கு வாரத்தில் முடிக்கட்டும். தொடக்கத் திரை, ஒலி, தோற்றால் மீண்டும் ஆடும் வழி எல்லாம் இருந்தால்தான் முடிந்த கணக்கு. அடுத்த சறுக்கல் வேகக் கணக்கு: ஒரு ஃபிரேமுக்கு (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும்) 0.1 அலகு என்று நகர்த்தினால், விநாடிக்கு 60 ஃபிரேம் காட்டும் திரையில் விநாடிக்கு 6 அலகு போகும், 144 ஃபிரேம் திரையில் 14.4 போகும். தன் லேப்டாப்பில் சரியாக ஓடிய கேம் நேர்காணல் அறையில் தறிகெட்டு ஓடுவது இப்படித்தான். வேகத்தை விநாடிக் கணக்கில் வைத்து, ஃபிரேம்களுக்கு இடைப்பட்ட நேரத்தால் பெருக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளில் தினமும் சேமிக்கும் பழக்கமும் வரட்டும். அதை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளம் 100 எம்பிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது, பெரிய படம், ஒலிக் கோப்புகளுக்கு எல்.எஃப்.எஸ். என்ற துணைக் கருவி வேண்டும்.

கேம் முடிந்ததும் முன்பின் ஆடாத ஐந்து பேரிடம் கொடுத்துவிட்டு, அவள் வாயைத் திறக்கவே கூடாது. “அங்கே இல்ல, இந்தப் பட்டன்” என்று சொல்லத் துடிக்கும் ஒவ்வொரு இடமும் டிசைனில் இருக்கும் ஓட்டை. அதைக் குறித்துவைத்துத் திருத்தட்டும்.

போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது தன் வேலைகளைக் காட்டும் தொகுப்புக்கு, இப்படி மூன்று கேம் போதும். ஒவ்வொன்றுக்கும் ஆடும் இணைப்பு, ஒரு நிமிட வீடியோ, ஒரு பக்கக் குறிப்பு. என்ன நினைத்துச் செய்தேன், ஆடியவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள், அதைப் பார்த்து எதை மாற்றினேன் என்ற மூன்றும் அந்தக் குறிப்பில் இருக்க வேண்டும். தேர்வாளர் அதிகம் படிப்பது அந்த மூன்றாவதை. மாணவர் கேம்தானே என்று யாரும் ஒதுக்குவதில்லை: அமெரிக்காவின் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் புராஜெக்டாகச் செய்த நார்பாகுலர் டிராப் கேமைப் பார்த்து, வால்வ் கம்பெனி அந்தக் குழுவை வேலைக்கு எடுத்தது, அந்த யோசனைதான் 2007இல் போர்ட்டல் என்ற கேமாக வெளிவந்தது.

லேப்டாப்பை இப்போது மாற்ற வேண்டாம். கல்லூரி எந்த எஞ்சின் கேட்கிறது என்று தெரிந்தபின் 16 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.