பழைய எஸ்டீமை டிராக்கில் ஓட்ட முதல் செலவு எதற்கு?

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்ட பழைய மாருதி எஸ்டீமில் எதை முதலில் மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பிரேக்கை. சைலன்சர், ஏர் ஃபில்டர் எல்லாம் சத்தத்துக்குத்தான், 1.3 லிட்டர் இன்ஜினின் சக்தி அதனால் பெரிதாக அதிகரிக்காது.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து, பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. ஆகவே பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, புது ஆயில் ஊற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். முன் பிரேக் பேடு அதிக வெப்பம் தாங்கும் ரகமாக இருக்கட்டும். ஓடி முடித்ததும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் நிறுத்துங்கள். சூட்டில் பின் டிரம் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து ரேடியேட்டர், டைமிங் பெல்ட் இரண்டையும் கவனியுங்கள். இன்ஜின் ஆயில் அளவுகோலின் (டிப்ஸ்டிக்) மேல்கோடு வரை இருக்கவேண்டும். நீண்ட வளைவில் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கினால், ஆயில் கிடைக்காமல் இன்ஜின் பேரிங் போய்விடும். பின்சீட்டையும் ஸ்டெப்னியையும் கழற்றுவது இலவச எடைக்குறைப்பு. டயருக்குக் குளிர்நிலையில் 28 பி.எஸ்.ஐ. வைத்து, சூடானதும் அளந்து சரிசெய்யுங்கள்.