நர்ஸ் வேலைக்கு வெளிநாடு: விசாவுக்கு முன்னால் எங்கே சிக்குகிறது?

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் "விசா கிடைக்குமா?" என்றுதான் ஆரம்பிக்கின்றன. படித்துப் பார்த்தால் சிக்கல் விசாவில் இல்லை. அதற்கு ரொம்ப முன்னாலேயே, பதிவிலும் மொழித் தேர்விலும் பழைய ஆஸ்பத்திரி பேப்பரிலும் நிற்கிறது.

பிரிட்டனுக்காக எழுதிய ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் முதல் தடவை ரைட்டிங் 6, மற்ற மூன்றும் 7. எட்டு மாதம் கழித்து எழுதியதில் ரைட்டிங் 6.5, ஆனால் ஸ்பீக்கிங் 6.5, மற்றவை 7. மூன்றாவது தடவைக்குப் பணம் கட்டட்டுமா?

கட்டாதீர்கள். பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்எம்சி கேட்பது ரைட்டிங்கில் 6.5, மற்றவற்றில் 7. அதை ஒரே தேர்வில் எடுக்க வேண்டும் என்பதில்லை. 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளைச் சேர்த்துக் காட்டலாம் என்று 2023-ல் விதியைத் தளர்த்திவிட்டார்கள், இரண்டிலுமே ரைட்டிங் 6-க்கும் மற்றவை 6.5-க்கும் கீழே போகாமல் இருந்தால் சரி. இரண்டும் ஐஇஎல்டிஎஸ்ஸின் அகாடமிக் வகைத் தேர்வுதான் என்றால் நீங்கள் ஏற்கெனவே பாஸ். இது தெரியாமல் நாலு, ஐந்து தடவை பணம் கட்டிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை.

பிரிட்டனில் நர்ஸ் வேலை, ஆறு லட்சம் கட்டினால் ஸ்பான்சர்ஷிப் என்கிறார் ஏஜென்ட். நகையை அடகு வைக்கலாமா?

வேண்டாம், வேண்டவே வேண்டாம். வேலைக்கு ஆள் எடுப்பதற்கு விண்ணப்பிப்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டன் அரசின் நடத்தை விதி. ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியது வேலை தருகிறவர்தான். இந்தியச் சட்டப்படியும், பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். இந்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் அவருடைய பதிவு எண்ணைத் தேடுங்கள். இன்னொன்று, அவர் சொல்வது நர்ஸ் வேலையா, கேர் வொர்க்கர் என்ற பராமரிப்பு உதவியாளர் வேலையா என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் வொர்க்கர் எடுப்பதை 2025 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள், அந்தப் பெயரில் இன்னும் வசூல் நடந்தால் அது மோசடி. ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

சவுதிக்கு டேட்டாஃப்ளோ (சான்றிதழ் சரிபார்ப்பு) போட வேண்டும். நான் மூன்று வருஷம் வேலை பார்த்த நர்சிங் ஹோம் மூடிவிட்டது. சம்பளமும் கையில்தான் கொடுத்தார்கள்.

சிறிய ஊர்களில் இந்தக் கஷ்டம் நிறையப் பேருக்கு. டேட்டாஃப்ளோ உங்கள் பேப்பரை மட்டும் பார்ப்பதில்லை, அதைக் கொடுத்த இடத்தையே தொடர்புகொண்டு விசாரிக்கிறது, பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் அனுபவம் நிரூபணமாகாது. பிஎஃப், இஎஸ்ஐ பதிவு ஏதாவது இருக்கிறதா பாருங்கள், பழைய உரிமையாளரான டாக்டரையும் தேடிப் பிடியுங்கள். எதுவுமே இல்லையென்றால் அந்த மூன்று வருஷத்தை விட்டுவிட்டு, நிரூபிக்க முடிந்த அனுபவத்தை மட்டும் காட்டுங்கள். "நானே சான்றிதழ் ரெடி பண்ணித் தருகிறேன்" என்று ஒருவர் வருவார். ஒத்துக்கொள்ளாதீர்கள். போலி என்று தெரிந்தால் சவுதியோடு நிற்காது, மற்ற வளைகுடா நாடுகளிலும் தலைவலிதான். அப்புறம், பாஸ்போர்ட் இசிஎன்ஆர் (கிளியரன்ஸ் தேவையில்லை என்ற வகை) ஆனாலும், வேலைக்காக சவுதிக்குப் போகும் நர்ஸுக்கு இந்திய அரசின் எமிக்ரேஷன் கிளியரன்ஸ் கட்டாயம். சென்னையிலுள்ள, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் தமிழ்நாடு அரசு நிறுவனமான ஓஎம்சிஎல் மூலம் போவதைத்தான் நான் சொல்வேன்.

ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியில் பி1 நிலை போதுமா?

நர்ஸாகப் பதிவு பெறப் பொதுவாக அதற்கு அடுத்த நிலையான பி2 கேட்கிறார்கள். பி1-ல் போய்ச் சேர்ந்தாலும், அங்கீகாரம் வரும்வரை உதவியாளர் வேலையும் அதற்கான சம்பளமும்தான். முடிந்தவரை இங்கேயே பி2 முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அமெரிக்க நர்ஸ் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் பாஸ். அமெரிக்கா எப்போது?

சாதாரண வார்டு நர்ஸுக்கு எச்1பி என்ற தற்காலிக வேலை விசா அநேகமாகக் கிடைக்காது, இபி3 என்ற வேலைவழி கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு) வழிதான். அதில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை பத்து வருஷத்துக்கும் மேல் நீள்கிறது. துபாயிலிருந்து போட்டாலும் கணக்கில் வருவது பிறந்த நாடுதான். கணவர் வேறு நாட்டில் பிறந்தவர் என்றால் அந்த நாட்டின் வரிசையில் சேரலாம். அப்படி இல்லையென்றால், யாராவது ஸ்பான்சர் செய்தால் மனுவைப் போட்டு இடத்தைப் பிடித்து வைத்துவிட்டு, அதற்குள் வேறு நாட்டில் வேலைக்குச் சேர்ந்துவிடுங்கள்.