கீபோர்டு ஒர்க்ஸ்டேஷனில் மைக் செருகி என் குரலையே சாம்பிளாக (கட்டைகளில் வாசிக்கும் பதிவொலியாக) பதிவு செய்தேன். சத்தம் ரொம்பக் கம்மி. மேல் கட்டைகளில் வாசித்தால் குழந்தைக் குரலாகிவிடுகிறது. என்ன செய்வது?

சத்தம் கம்மியாக இருப்பது சின்ன விஷயம், முதலில் அதை முடித்துவிடலாம். மாடல் என்னவென்று நீங்கள் சொல்லவில்லை. நான் வைத்திருப்பது 1999-ல் வந்த பழைய கோர்க் ட்ரைட்டன், அதை வைத்தே சொல்கிறேன். பின்புறம் ஆடியோ இன்புட் ஜாக்குகளுக்குப் பக்கத்திலேயே மைக்/லைன் சுவிட்ச் ஒன்றும் லெவல் நாப் ஒன்றும் இருக்கும். சுவிட்ச் லைன் (மற்ற கருவிகளின் பலமான சிக்னலுக்கானது) பக்கம் கிடந்தால் எவ்வளவு கத்திப் பாடினாலும் முனகலாகத்தான் ஏறும். மைக் பக்கம் தள்ளிவிட்டு, உங்கள் உச்சக் குரலில் பாடிக்கொண்டே நாபைத் திருகுங்கள். திரையில் 'ஏடிசி ஓவர்லோட்', அதாவது சத்தம் அளவு மீறிவிட்டது என்று வந்தால் கொஞ்சம் இறக்குங்கள். ஸ்பீக்கரை அணைத்து ஹெட்ஃபோனில் கேளுங்கள், இல்லாவிட்டால் ஊளையிடும்.

மைக் எது என்பதையும் பாருங்கள். கண்டென்சர் மைக்குக்கு கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபான்டம் பவர் வேண்டும், சாதாரண 6.3 மில்லிமீட்டர் ஜாக்கில் அது வராது. ஷூர் எஸ்எம்58 மாதிரி ஒரு டைனமிக் மைக் தாராளமாகப் போதும். கண்டென்சர்தான் கையில் இருக்கிறது என்றால் ஒரு சின்ன மிக்சர் வழியாக லைன் இன்புட்டில் கொடுங்கள்.

இனி குழந்தைக் குரல். உண்மையான வேலை இங்கேதான். ஒரு சாம்பிளை மேல் கட்டையில் வாசிக்கும்போது கீபோர்டு செய்வதெல்லாம் அதை வேகமாக ஓட்டுவதுதான். அரைச் சுரத்துக்குச் சுமார் 6 சதவீதம் வேகம் கூடும். ஒரு ஸ்தாயி ஏறினால் இரண்டு மடங்கு. மனிதர் பாடுவது அப்படியில்லை. சுருதி ஏறும்போது குரல்நாண்கள்தான் வேகமாக அதிர்கின்றன, தொண்டையும் வாயும் ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கின்றன. 'ஆ'வை 'ஆ' என்று காட்டும் ஒத்ததிர்வுகள் அதனால் பெரிதாக நகர்வதில்லை. சாம்பிளை வேகமாக ஓட்டும்போது அவையும் சேர்ந்து மேலே போகின்றன. காதுக்கு, பாடுகிற ஆளே சுருங்கிவிட்ட மாதிரி கேட்கிறது. எவ்வளவு விலை கொடுத்து மைக் வாங்கினாலும் இது மாறாது.

இதற்கு நல்ல வழி, நிறையப் பாடுவது. மூன்று அரைச் சுரத்துக்கு ஒன்றாக, அதாவது சி, டி ஷார்ப், எஃப் ஷார்ப், ஏ என்று பாடிப் பதியுங்கள். ஒவ்வொன்றையும் அதன் கட்டையிலும் இரு பக்கமும் ஒரு கட்டை தள்ளியும் மட்டும் ஒலிக்கும்படி மல்டிசாம்பிளில் (பல சாம்பிள்களைக் கட்டைவாரியாக அடுக்கும் அமைப்பில்) பிரித்துவிடுங்கள். இரண்டு ஸ்தாயிக்கு ஒன்பது சாம்பிள். 1963-ல் பர்மிங்காமில் செய்யத் தொடங்கிய மெலட்ரான் என்ற டேப் கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனி டேப் இருந்தது, ஒவ்வொன்றும் எட்டு விநாடி ஓடும். நமக்கு அவ்வளவு கூடத் தேவையில்லை.

பாடும்போது அசைவே கூடாது. கர்நாடக சங்கீதம் பயின்றவர்களுக்கு இது பெரிய சோதனை. நேராகக் கார்வை பிடி என்றால் அவர்களை அறியாமலே குரல் லேசாக ஆடும். ஆடினால் என்ன? கார்ட் (பல கட்டைகளை ஒன்றாக) பிடிக்கும்போது மேல் கட்டையில் அந்த அசைவு வேகமாகவும் கீழே மெதுவாகவும் போகும், லூப் போடும் (ஒலி நீண்டு கேட்க ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டும்) இடத்தில் 'டுக்' என்று இடிக்கும். அசைவு வேண்டுமென்றால் பிறகு எல்எஃப்ஓவில் (ஒலியைச் சீராக ஆட்டும் கீபோர்டு வசதி) சேர்த்துக்கொள்ளலாம். 'ப', 'த' என்று எழுத்தோடு தொடங்காமல் வெறும் ஆகாரமாக, ஐந்து விநாடி, ஒரே பலத்தில் பாடுங்கள். லூப்பை முதல் ஒரு விநாடி கழித்து, குரல் நிலைத்த பிறகு போடுங்கள். ரொம்பக் குட்டி லூப் போட்டால் குரல் போய் ஆர்கன் மாதிரி ரீங்கரிக்கும். ஒன்றிரண்டு விநாடி நீளம் வைத்து கிராஸ்ஃபேட் (முடிவையும் தொடக்கத்தையும் ஒன்றில் ஒன்று கரைப்பது) கொடுத்தால் இணைப்பு தெரியாது.

ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்துங்கள். தனியாகக் கேட்டால் தெரியாத இரைச்சல், நாலு விரல் வைத்ததும் நாலு ஃபேனாகிவிடும். ரிவெர்பையும் (எதிரொலி எஃபெக்ட்) பதிவில் சேர்க்க வேண்டாம், அதுவும் லூப்பில் மாட்டிக்கொள்ளும்.

ட்ரைட்டனுடன் வரும் சாம்பிள் நினைவகம் 16 எம்பி. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோவில் ஏறக்குறைய 2 நிமிடம் 54 விநாடி. ஒன்பது சாம்பிளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, எனவே இடம் பிரச்சினையில்லை. ஒரு மைக்கில் பாடுவதை ஸ்டீரியோவில் பதிந்து பாதி இடத்தை ஏன் வீணாக்க வேண்டும்? ஆனால் சுவிட்சை அணைத்தால் அத்தனையும் காலி. முதல் ட்ரைட்டனில் இருப்பது ஃபிளாப்பி டிரைவ், ஒரு 1.44 எம்பி டிஸ்கில் பதினைந்து விநாடிதான் கொள்ளும். நாலைந்து டிஸ்க்கைத் தயாராக எடுத்து வைத்துவிட்டு உட்காருங்கள்.

உங்களுடையது புதிய மாடல் என்றால் முதலில் மேனுவலைப் பாருங்கள். மைக் ஜாக் இருப்பதாலேயே சாம்பிள் எடுக்கும் என்று அர்த்தமில்லை. 2016-ல் யமஹா மான்டேஜ் வந்தபோது அதில் மைக் செருகி எஃபெக்ட் போட்டுப் பாட முடிந்ததே தவிர, கீபோர்டிலேயே சாம்பிள் எடுக்கும் வசதி இல்லை. அப்படிப்பட்டதில் கம்ப்யூட்டரில் பதிந்து வெட்டி ஏற்ற வேண்டும். மூன்று அரைச் சுரக் கணக்கு மட்டும் அங்கேயும் அதேதான்.