தவழாத பிள்ளைக்கு எழுத்து வராதா?

கேள்வி: என் மகளுக்குப் பத்து மாதம் முடியப் போகிறது. இன்னும் தவழவில்லை. உட்கார்ந்தபடியே ஒரு காலை மடித்து, கையை ஊன்றித் தள்ளித் தள்ளி வீடு முழுக்கச் சுற்றுகிறாள். நேற்று கட்டில் காலைப் பிடித்து எழுந்து நின்றாள். "தவழாமல் நடக்கிற பிள்ளைக்குப் பின்னால் எழுத்து வராது" என்கிறார் மாமியார். மாமனார் வாக்கரே வாங்கி வந்துவிட்டார். என்ன செய்வது மேடம்?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: கடிதத்தைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, தப்பாக நினைக்காதீர்கள். என் தம்பியும் இப்படித்தான். எங்கள் வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் புட்டத்தைத் தேய்த்துத் தேய்த்தே போவான். அவனுடைய ஜட்டிகளுக்கெல்லாம் அம்மா பின்பக்கம் ஒட்டுப் போட்டுத் தைத்து வைத்திருந்தார். நடந்தது ஒன்றரை வயதில். இன்று வங்கியில் நாள் முழுக்கக் கையெழுத்துப் போட்டே விரல் தேய்கிறது என்று புலம்புகிறான். சில குடும்பங்களில் இது வழிவழியாக வரும். உங்கள் கணவர் எப்படி நகர்ந்தார் என்று மாமியாரிடமே கேட்டுப் பாருங்களேன்.

முதலில், பத்து மாதம் ஒன்றும் தாமதமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து 2006-ல் வெளியிட்ட கணக்கின்படி, முட்டி போட்டுத் தவழ்வது ஐந்தே கால் மாதம் முதல் பதின்மூன்றரை மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். அந்தக் குழந்தைகளில் 4.3 சதவீதம் பேர் முட்டி போட்டுத் தவழவே இல்லை. பப்புவா நியூ கினியாவில் ஆவ் என்ற மக்கள் கைக்குழந்தையைத் தரையில் விடுவதே அரிது. எப்போதும் தூக்கிச் சுமப்பார்கள். அங்கேயும் பிள்ளைகள் உட்கார்ந்து நகர்ந்துவிட்டுத்தான் நடக்கின்றன. தவழாததால் எழுத்து வராமல் போனது என்று சொல்ல உறுதியான ஆதாரம் கிடையாது. நம் பிள்ளைத்தமிழிலேயே பாருங்கள், கையூன்றித் தலை நிமிர்ந்து ஆடும் செங்கீரைப் பருவம் உண்டு, கை கொட்டும் சப்பாணி உண்டு, "வா வா" என்று நடக்க அழைக்கும் வருகைப் பருவம் உண்டு. தவழ்வதற்கென்று தனிப் பருவம் இல்லை.

அதற்காகத் தவழ்தல் வீண் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-ல் தன் வளர்ச்சிப் பட்டியலிலிருந்து தவழ்தலை எடுத்தபோது, என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்டுகள் பலருக்குக் கோபம் வந்தது. எனக்கும் கொஞ்சம். தவழும் பிள்ளையின் உள்ளங்கையிலும் தோளிலும் உடம்பின் பாரம் இறங்குகிறது. இடது கையும் வலது முட்டியும் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன. அதனால் வாய்ப்புக் கொடுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

வாய்ப்பு என்றால் தரைதான். போன மாதம் ஒரு பாப்பாவைக் கொண்டுவந்தார்கள், "முட்டி போட்டதும் முகம் குப்புற விழுகிறாள்" என்று. தரையில் விட்டுப் பார்த்தேன். முட்டியை முன்னால் வைக்கிறாள், நீளக் கவுனின் ஓரம் முட்டிக்கடியில் மாட்டிக்கொள்கிறது, அடுத்த அடியில் கவுன் இழுக்க மூக்கு பாயில். கவுனைக் கழற்றினோம். டைல்ஸ் தரையில் வழுக்காமல் இருக்கக் கோரைப்பாய் விரித்தோம். நாலாம் நாள் போனில் அவள் அம்மா, "மேடம், சமையலறைக்குள்ளேயே வந்துட்டா!"

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனைப் போட்டு ஆட்டி, பாப்பாவுக்கு வலப்பக்கம் இரண்டடி தள்ளி வையுங்கள். அப்புறம் இடப்பக்கம். இரண்டு பக்கமும் திரும்புகிறாளா, இரண்டு கையையும் நீட்டுகிறாளா? அப்படியென்றால் நிம்மதியாக இருங்கள். எப்போதும் ஒரே கைதான் வருகிறது, மற்றது மூடியபடியே கிடக்கிறது, ஒரு கால் மட்டும் இழுபடுகிறது, கால்கள் கட்டை போல விறைக்கின்றன அல்லது உடம்பு துணி போலத் துவள்கிறது, முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை என்றால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பதினெட்டு மாதத்திலும் நடக்காவிட்டாலும் அப்படியே. குறைமாதத்தில் பிறந்தவள் என்றால் அந்த வாரங்களைக் கழித்துக் கணக்குப் போட வேண்டும். நீங்கள் அதை எழுதவில்லை.

வாக்கர் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் பிள்ளை நிற்பதில்லை, தொங்குகிறது. நுனிக்காலால் உந்தினால் போதும், கண் இமைப்பதற்குள் படிக்கட்டுக்கோ அடுப்புக்கோ போய்விடும். கனடாவில் 2004-லேயே விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். மாமனார் மனசு நோகுமே என்றால், பில் இருக்கிறதா என்று கேட்டு, மாற்றி மூன்று சக்கர மர நடைவண்டி ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள். அதுவும் பாப்பா எதையாவது பிடித்துக்கொண்டு தானாக நாலடி வைத்த பிறகு. அதுவரை பரணில் இருக்கட்டும்.