தலிப் சிங் சௌந்த்: வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு முதலில் தேர்வான இந்தியர் பிரமிளா ஜெயபால்தானே? (சிதம்பரம் வாசகர்)

இல்லை. சென்னையில் பிறந்த பிரமிளா 2016-ல் தேர்வானார். நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போன முதல் இந்திய வம்சாவளிப் பெண் அவர். அதற்கு 60 ஆண்டு முன்பே, 1956-ல், கலிபோர்னியாவில் ஜெயித்தவர் தலிப் சிங் சௌந்த். பஞ்சாபில் 1899-ல் பிறந்த சீக்கியர்.

கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர் ஏன் வயலுக்குப் போனார்? (திண்டுக்கல் வாசகி)

வேறு வேலை யாரும் கொடுக்கவில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உணவுப் பதப்படுத்தல் படிக்கத்தான் 1920-ல் கப்பலேறினார். பிறகு கணிதத்துக்கு மாறி, 1924-ல் பட்டம் வாங்கினார். அதற்கு முந்தைய ஆண்டே, குடியுரிமை கேட்ட பகத் சிங் திண்ட் என்ற இன்னொரு இந்தியரின் வழக்கில், இந்தியர்கள் ‘வெள்ளையர்’ அல்லர், ஆகவே குடியுரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடியுரிமைக்குத் தகுதி இல்லாதவர் நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கலிபோர்னியச் சட்டம் விடாது. இந்திய விவசாயிகள் வேறொருவர் பெயரில் எழுதிவைத்துத்தான் பயிர் செய்தார்கள். பெயர் கொடுத்தவர் கைவிரித்தால் கோர்ட்டுக்கும் போக முடியாது.

கொலராடோ ஆற்றுக் கால்வாயை நம்பியிருக்கும் பாலைவனம் இம்பீரியல் பள்ளத்தாக்கு. அங்கே பருத்தி பறிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியாகத் தொடங்கி, லெட்டூஸ் கீரை போட்டார். பறித்த கீரை காத்திருக்காது. விலை விழுந்தாலும் வந்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். 1930-களின் மந்தத்தில் கடனில் மூழ்கினார். மஞ்சள் கடிதாசி கொடுக்க மறுத்து, கடனை மெல்ல அடைத்தார்.

குடியுரிமை வாங்கிய ஏழே வருடத்தில் எம்.பி. ஆனது எப்படி? சட்டம் இடம் கொடுத்ததா? (மதுரை வாசகர்)

இந்தக் கணக்குதான் அவர் வாழ்க்கையில் சுவாரசியமான பகுதி. இந்தியர்களுக்குக் குடியுரிமை தரும் லூஸ்–செல்லர் சட்டத்தில் அதிபர் ட்ரூமன் 1946 ஜூலை 2-ல் கையெழுத்திட்டார். புதிதாக வருவோருக்கு ஆண்டுக்கு 100 இடம், ஏற்கெனவே இருப்பவர்களுக்கு விண்ணப்பிக்கும் உரிமை. இதற்காக ஆண்டுக்கணக்கில் ஓடியாடியவர்களில் சௌந்தும் ஒருவர். அவருக்குக் குடியுரிமை கிடைத்தது 1949 டிசம்பர் 16.

1950 நவம்பரில் வெஸ்ட்மோர்லாண்ட் ஊரின் நீதிபதி தேர்தலில் ஜெயித்தார். (அங்கே சிற்றூர் நீதிபதியை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள்.) குடியுரிமை வாங்கி ஒரு வருடம் நிரம்பவில்லை என்று பதவியை மறுத்துவிட்டார்கள். பற்றாமல் போனது ஒரு மாதமும் சில நாளும், அவ்வளவுதான்! 1952-ல் மறுபடி நின்று ஜெயித்தார். “உங்கள் கோர்ட்டுக்கு வர நாங்களும் தலைப்பாகை கட்ட வேண்டுமா?” என்று ஒருவர் சீண்டியபோது, தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்பது தனக்கு முக்கியமில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்றாராம்.

பிரதிநிதிகள் சபைக்கு மூன்று தகுதி: வயது 25, ஏழு ஆண்டுக் குடியுரிமை, அந்த மாநிலத்தில் குடியிருப்பு. 1956 நவம்பர் 6, வாக்குப்பதிவு நாளில் சௌந்துக்கு ஏழு ஆண்டு நிரம்பவில்லை. அவருடைய ஜனநாயகக் கட்சிக்குள், வேட்பாளர் தேர்வில் எதிர்த்து நின்றவர் இதைச் சொல்லி வழக்குப் போட்டார், எடுபடவில்லை. காரணம், கணக்குப் பார்ப்பது பதவியேற்கும் நாளை வைத்து. சபை கூடிய 1957 ஜனவரி 3-ல் ஏழு ஆண்டும் 18 நாளும் ஆகியிருந்தது.

பொதுத் தேர்தலில் எதிர்த்து நின்றவர் பெரிய பிரபலமாமே? (கோவை வாசகி)

ஆமாம். ஒலியின் வேகத்தைத் தாண்டி விமானம் ஓட்டிய முதல் பெண், ஜாக்குலின் காக்ரன். பணமும் புகழும் அவர் பக்கம்; தொகுதியோ குடியரசுக் கட்சியின் கோட்டை. சௌந்த் குடும்பத்தோடு வீடு வீடாகப் போனார், புதிய வாக்காளர்களைப் பட்டியலில் சேர்த்தார். சுமார் 3,300 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

சபையில் என்ன சாதித்தார்? (சேலம் வாசகர்)

முதல் தவணையிலேயே வெளியுறவுக் குழுவில் இடம் கிடைத்தது. 1957-ல் ஆசியப் பயணம் போனபோது நம் நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் பேசினார். உள்ளூரில் அவர் பண்ணைக்காரர்களின் எம்.பி.: மெக்சிகோவிலிருந்து கூலியாட்களைக் கொண்டுவரும் பிராசெரோ திட்டத்தை ஆதரித்தார். சட்டத்தால் அடிபட்டவர் எல்லா ஏழைகளுக்கும் குரல் கொடுத்தார் என்று எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1958, 1960 தேர்தல்களிலும் ஜெயித்தார். 1962 மே மாதம் வாஷிங்டன் போகும் விமானத்தில் பக்கவாதம் தாக்கியது. அந்த நவம்பர் தேர்தலில் பேர் மட்டும் நின்றது, ஆள் பிரச்சாரத்துக்கு வர முடியவில்லை, தோற்றார். இறந்தது 1973-ல்.

பேத்தி இவரைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாள். தகவல்களை எங்கே சரிபார்ப்பது? (நாகர்கோவில் வாசகர்)

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே நடத்தும் உறுப்பினர் வாழ்க்கைக் குறிப்பு இணையதளத்தில் குடும்பப் பெயரை, அதாவது ‘சௌந்த்’ (Saund) என்பதை, ஆங்கிலத்தில் போட்டுத் தேடச் சொல்லுங்கள். பதவிக்காலத் தேதிகள் அங்கேயே கிடைக்கும். எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்பதற்கு சபை நடவடிக்கைகளின் பதிவான ‘காங்கிரஷனல் ரெக்கார்டு’ தொகுதிகளைப் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: அவர் தொகுதி 29. அந்த எண்ணை இன்றைய வரைபடத்தில் தேடினால் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் கொண்டுபோய் விடும். பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் எல்லைகளை மாற்றுவார்கள். அவருடையது ரிவர்சைடு, இம்பீரியல் என்ற இரண்டு கவுன்டிகள் (நம் மாவட்டம் மாதிரி). வரைபடத்தில் அந்தப் பெயர்களைப் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள்.