செடிக்கும் நோய் எதிர்ப்பு சக்தி உண்டு என்கிறார்களே, அப்புறம் பாக்டீரியா எப்படி அதைத் தாண்டுகிறது?

இதைக் கேட்பவர் ஏதோ ஒரு செடியைப் பறிகொடுத்துவிட்டுத்தான் கேட்கிறார் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்தது நெல், அதை வைத்தே சொல்கிறேன்.

"மண் நன்றாக இருந்தால் செடி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், நோய் வந்தால் விவசாயி மேல்தான் தப்பு" என்று பேசுபவர்கள் நிறையப் பேர். என் அப்பாவிடமே அப்படிச் சொன்னார்கள். அந்த ஆத்திரத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

செடிக்கு எதிர்ப்பு சக்தி நிச்சயம் உண்டு. பாக்டீரியாவின் வால் இழையில் உள்ள ஃபிளாஜெல்லின் என்ற புரதத்தில் ஒரு சின்னத் துண்டு பட்டாலே செல்லின் மேலிருக்கும் உணர்விகள் கண்டுகொள்ளும். செல்சுவர் தடிக்கும், கிருமியை ஒடுக்கும் பொருட்கள் சுரக்கும். பெரும்பாலான கிருமிகளின் கதை அதோடு முடிந்துவிடும்.

நெல்லில் இலைக்கருகலை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் ஒரைசே என்ற பாக்டீரியா அப்படி முடிந்துபோவதில்லை. இலை ஓரத்தில் நீர் கசியும் துளை வழியாகவோ, காற்றில் கிழிந்த காயம் வழியாகவோ நுழைந்து, தண்ணீர் ஓடும் சைலம் குழாயில் பெருகும். அங்கிருந்து ஊசி போன்ற அமைப்பால் தன் புரதங்களைச் செல்லுக்குள் ஏற்றும். கிருமி செல்சுவரைக் கரைக்கும்போது சிதறும் துண்டுகளை வைத்தே செடி உஷாராகிவிடும் என்பதால், அந்த உஷாரை அமுக்குவதற்கென்றே அவற்றில் சில புரதங்கள் இருக்கின்றன. டேல் என்னும் இன்னொரு வகை நேராக உட்கருவுக்குள் போய், நெல்லின் டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டி, ஸ்வீட் என்ற மரபணுவை முடுக்கிவிடும். சர்க்கரையைச் செல்லுக்கு வெளியே அனுப்புவது அந்த மரபணுவின் வேலை. ஆக, செடி தன் சர்க்கரையைத் தானே எடுத்து எதிரிக்கு ஊட்டுகிறது. இதில் விவசாயியின் அலட்சியம் எங்கே வந்தது?

எங்கள் வயலில் அது ஒரு சம்பா பட்டம். போட்டது பிபிடி 5204 என்ற நெல் ரகம்; சம்பா மசூரி என்பதும் அதுதான், எங்கள் பக்கம் ஆந்திரா பொன்னி என்போம். ஐப்பசி மழையும் காற்றும் அடித்து ஓய்ந்த பிறகு, இலை நுனியிலிருந்து இரண்டு ஓரமும் அலை அலையாக மஞ்சள் இறங்கி வைக்கோல் நிறத்துக்கு வந்தது. விடியற்காலையில் பார்த்தால் இலை ஓரத்தில் மஞ்சளாகப் பிசுபிசுப்பான மணிகள். மருந்துக் கடையில் இலையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பூஞ்சாணக்கொல்லி கொடுத்து அனுப்பினார்கள். பாக்டீரியாவுக்கு அது என்ன செய்யும்? நான் ஓர் இலையைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் முங்கும்படி நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் போல ஒரு கலங்கல் இழை கீழே இறங்கியது. அத்தனையும் பாக்டீரியா. அப்பா அந்த டம்ளரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இயற்கை விவசாயத்தை நான் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இந்த நோய்க்கு 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசல் தெளிக்கலாம் என்று வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிறது. ஆனால் குழாய்க்குள் பெருகிவிட்ட கிருமியை மேலிருந்து தெளிப்பது எதுவானாலும் எட்டிப் பிடிப்பது கஷ்டம். காவல் விதைக்குள்ளேயே இருக்க வேண்டும். அதே பிபிடியில் எக்ஸ்ஏ21, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5 என்று மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து, ஹைதராபாத் ஆராய்ச்சி நிறுவனங்கள் உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008-இல் வெளிவந்தது. எக்ஸ்ஏ21 ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. எக்ஸ்ஏ13 என்பது நான் சொன்ன ஸ்வீட் மரபணு ஒன்றின் மாறிய வடிவம்தான். டேல் புரதம் ஒட்டும் இடம் அதில் மாறியிருப்பதால் கிருமியால் அதை முடுக்க முடியாது. எனக்கு மிகப் பிடித்த விஷயம் இது.

பயிர்க் காப்பீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட மனசில்லை. பிரீமியம் கட்டியும் எங்களுக்கு ஒரு ரூபாய் வரவில்லை. ஊர் சராசரி மகசூல் குறையவில்லையாம். பக்கத்து வயல் விளைந்ததற்கும் எங்கள் வயல் கருகியதற்கும் சராசரி எடுத்தால் யாருக்கு நியாயம் கிடைக்கும்?

நெல் போடுபவர்கள் யாராவது இதைப் படித்தால்: நடும்போது நாற்றின் நுனியைக் கிள்ளாதீர்கள், அந்தக் காயமே கிருமிக்கு வாசல். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். நோய் கண்ட வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்குத் திறந்துவிடாதீர்கள்.