மதியம் மட்டும் ஸ்டார்ட் ஆகாத மாருதி 800

சார், காலையில ஒரே செல்ஃப்ல எடுக்குற கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற பாகம்) வச்ச பழைய 800, மதியம் காட்பாடி ஸ்டேஷன்ல அரை மணி நிறுத்தினா செல்ஃப் சுத்தியும் எடுக்கலைன்னு எழுதியிருக்கீங்க. செல்ஃப் வேகமா சுத்துதுன்னா பேட்டரி மாத்திடாதீங்க, காசு தண்டம். நம்ம வேலூர் வெயில்ல இன்ஜின் சூட்டுக்கு கார்புரேட்டர்ல நிக்கிற பெட்ரோல் கொதிச்சு உள்ளே வழிஞ்சிடும். அதனால சோக்கை (குளிர்ந்த இன்ஜினை எடுக்க பெட்ரோல் கலவையைக் கூட்டுற குமிழ்) தொடாதீங்க. ஆக்சிலேட்டரை அடிவரை மிதிச்சு அப்படியே பிடிச்சு செல்ஃப் அடிங்க, 10 செகண்டுக்கு மேல வேண்டாம். விட்டு விட்டு மிதிச்சா இன்னும் பெட்ரோல்தான் ஊத்தும்.

அப்பவும் எடுக்கலைன்னா பானெட்டைத் திறந்து பெட்ரோல் வாடை போகட்டும். அப்புறம் வேற ஒரு ஸ்பார்க் பிளக்கை (பெட்ரோலைப் பத்த வைக்கப் பொறி தர்ற பாகம்) பிளக் வயர்ல மாட்டி, இன்ஜின் இரும்புல படுற மாதிரி வச்சுட்டு, கையை எடுத்துட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. பொறி நீலமா பளிச்சுன்னு வரணும். மஞ்சளா மங்கினா பிளக்குக்கு கரண்டை ஏத்திக் கொடுக்குற இக்னிஷன் காயில் மேலதான் என் சந்தேகம்; சூட்டுல படுத்துக்கிட்டு, ஆறினதும் எழுந்துக்கும்.